‘போயிட்டு வா’ என்று சொல்ல மாட்டேன்

தம்பி,

நீ இதைப் படிக்கும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். உடனே போனைத் தேடாதே, மார்க்கெட்டுக்குத்தான் போயிருப்பேன். உன் கல்யாணக் கோட்டின் மேல் இந்தக் கவரை வைத்துவிட்டு, மீன் வாங்கும் சாக்கில் ஜெலுத்தோங்கை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்புவேன். நேருக்கு நேர் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவளுக்கு, பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் சொல்ல வாய் வரவில்லை. எழுத்து என்றால் பிழையை அடித்துத் திருத்தலாம். இதுவரை நான்கு தடவை திருத்தி எழுதிவிட்டேன். உனக்குத்தான் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கிற ஓ.சி.டி. நோய் என்கிறார்கள்!

சனிக்கிழமை உனக்கும் மெர்சிக்கும் கல்யாணம். மறுநாள் பூசை முடிந்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஊரில் பார்த்து வைத்திருக்கிற வாடகை வீட்டுக்கு இரண்டு பேரும் குடிபோகிறீர்கள். மெர்சி வேலை செய்கிற ஃபேக்டரி அங்கிருந்து பத்து நிமிஷம். தினமும் காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரில் கிளம்பிவிடுவாள். உன் அப்பா எந்தச் சாலையில் லாரியில் அடிபட்டாரோ அதே சாலையில்தான் அவள் போக வேண்டும், வேறு வழி கிடையாது. நீ வாசலில் நின்று அவளை அனுப்ப வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். இந்தக் கல்யாணத்தில் நம் இரண்டு பேருக்கும் இருக்கிற பயம் இது ஒன்றுதான். மண்டபம், சாப்பாடு, என் அண்ணி யார் பக்கத்தில் உட்கார மாட்டாள் என்பதெல்லாம் சும்மா. நீ அந்த வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் நான் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டேன்.

அன்றைக்கும் சனிக்கிழமைதான். உனக்கு ஏழு வயது. ஃபெர்ரியில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். நீ விடிந்ததும் விடியாததுமாகச் காலில் சப்பாத்து வரைக்கும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்போது ஃபேக்டரியிலிருந்து போன் வந்தது. ஓ.டி.க்கு ஆள் இல்லை, உடனே வா என்றார்கள். நீ சப்பாத்தோடு போய்க் கட்டிலில் குப்புற விழுந்தாய். அப்பா வாசலில் நின்று, “டேய், அப்பா கிளம்புறேன்டா” என்றார். நீ தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, “போங்க! போங்க!” என்று கத்தினாய். நான் அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தேன். “என்ன பேச்சு இது? போயிட்டு வாங்கன்னு சொல்லு. சொல்லுடா!” என்று அதட்டினேன். நீ சொல்லவில்லை. அப்பா சிரித்தார். “விடு லா, பையன் கோவமா இருக்கான். சாயங்காலம் சரியாயிடுவான்” என்றார்.

நம் வீட்டில் ‘போறேன்’ என்ற சொல்லுக்கு இடமே கிடையாது, உனக்குத் தெரியும். எல்லாத் தமிழர் வீட்டிலும் இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நான் டீச்சர் ஆயிற்றே, இலக்கணப் பாடம் மாதிரி நடத்தினேன். நான்கு வயதில் நீ “தாடிக்காவுக்குப் போறேம்மா” என்று பையைத் தூக்கிக்கொண்டு பாலர் பள்ளிக்குக் கிளம்பினால், திரும்ப வாசலுக்குள் கூப்பிட்டு, ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். ஒரு நாள் “ஏம்மா?” என்று கேட்டாய். “போறேன்னு சொன்னா திரும்பி வர மாட்டாங்க” என்றேன். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற காரணமா அது! மரியாதை இல்லை, காதுக்கு நன்றாக இல்லை என்று எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மத்தியானம் செய்தி வந்தது. சாயங்காலம் அப்பாவைக் கொண்டுவந்து ஃபிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டுக் கிடத்தினார்கள். சொந்தக்காரர்கள், கோயில் பங்கு ஆட்கள், அப்பாவோடு வேலை செய்தவர்கள் என்று நிற்க இடமில்லை. நீ கூட்டத்துக்குள் புகுந்து வந்து என் மடியில் உட்கார்ந்தாய். காலையில் போட்ட சப்பாத்தை இன்னும் கழற்றவில்லை. நான் உன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, அத்தனை பேர் முன்னாலும் அலறினேன். “சொல்லச் சொன்னேனேடா! போயிட்டு வாங்கன்னு சொல்லுடான்னு சொன்னேனேடா! போங்கன்னு சொல்லிட்டியே, போயிட்டாரேடா!” யாரோ உன்னை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது போல் இருந்துவிட்டேன். துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வோம், ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும், மறந்திருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

ஒரு வாக்கியத்தால் மட்டும் இந்த நோய் வந்துவிடாது என்று உன் டாக்டர் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது. நீ அப்பாவைக் கொல்லவில்லை. உன்னைப் பார்த்து அப்படிச் சொன்னது நான். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம். எட்டு வயதில் நீ என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்ப ஆரம்பித்தாய். நீ ‘போயிட்டு வாங்க’ என்பாய், நான் ‘வர்றேன்’ என்பேன். பாசக்காரப் பிள்ளை என்று உருகிப்போனேன். ஒரு தடவை மூன்று தடவை ஆயிற்று. மூன்றாவது தடவை நான் இருமிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாய். மூன்றாம் மாடியிலிருந்து நான் கீழே இறங்கிய பிறகும் மேலே இருந்து கூப்பிடுவாய், நான் ஏறி வந்து ‘வர்றேன்’ சொல்லிவிட்டு மறுபடி இறங்குவேன். கீழ்மாடி மலாய்க்கார அக்கா, “சிக்கு, லுப்பா பாராங் லாகி?” என்று சிரிப்பார். இன்றைக்கும் எதையோ மறந்துவிட்டீர்களா டீச்சர் என்று கேட்கிறார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே படியேறுவேன்.

புதுநன்மை வாங்கிய வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். பத்து வயதுப் பையனுக்கு இத்தனை பக்தியா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. “எம் பையன் சாமியாராத்தான் போவான் போல” என்று பங்கு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன். நீ அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் முழந்தாளிட்டு வாரா வாரம் என்ன சொன்னாய் என்பது பதினான்கு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. “அப்பாவைக் கொன்னுட்டேன், ஃபாதர்.” பாவமன்னிப்புக் கிடைக்கும், வீட்டுக்கு வருவதற்குள் ‘சரியாகச் சொன்னேனா’ என்று சந்தேகம் வந்துவிடும். நான் அப்போது வாசலில் நின்று கோயில் அக்காக்களோடு கதை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம்.மில், கணிதத் தேர்வு அன்று நான் உன்னை அடித்ததையும் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனவன் அப்படியே திரும்பி வந்தாய். நீ ‘போயிட்டு வர்றேன்’ என்று சொன்ன நேரத்தில் கீழே ஒரு லாரி ஹார்ன் அடித்ததாம், அந்தச் சொல் என் காதில் விழுந்திருக்காதாம், மறுபடி சொல்ல வேண்டுமாம். பரீட்சை ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகிவிட்டது. பளார் என்று விட்டேன் ஒன்று. “திமிராடா உனக்கு? படிக்கலைன்னா படிக்கலைன்னு சொல்லு!” நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “அடிங்கம்மா, ஆனா போயிட்டு வான்னு சொல்லிடுங்க” என்றாய். கோபத்தோடு மூன்று தடவை சொன்னேன். சொன்னதும் உன் முகம் தெளிந்ததே, அதைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. பூதம் ஏதோ பிடித்திருக்கிறது என்று ஒருத்தர் சொல்ல, நவநாள் ஜெபம் செய்தேன், கயிறு மந்திரித்துக் கட்டினேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. பிள்ளைக்குப் பைத்தியம் என்று பேர் வந்துவிடுமாம்! உன் இருபத்து நாலு வயதில், பாலம் தாண்டினால் மூச்சு அடைக்கிறது, காலையில் வீட்டை விட்டு வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகிறது என்ற பிறகு நீயே ஆஸ்பத்திரிக்கு நம்பர் எடுத்தாய். நான் கூட வந்தேன், அவ்வளவுதான்.

அந்த அறை உனக்கு நினைவிருக்கும். மனநல டாக்டர் ஒரு சீனப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருந்தால் அதிகம். தமிழ் தெரியாது. இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் மலாயில் கேட்டாள். முப்பது வருஷ டீச்சர், விடுவேனா? “போங்க என்றால் பெர்கி. போயிட்டு வாங்க என்றால் பெர்கி, லெப்பாஸ் இத்து பாலிக். போ, பிறகு திரும்பி வா” என்று விளக்கம் கொடுத்தேன். “முதல் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும்?” என்றாள். “ஒன்றும் ஆகாது, சும்மா வழக்கம்” என்றேன். என் வாயாலேயே சொன்னேன், ஒன்றும் ஆகாது என்று. நீ சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அடுத்து அவள் உன்னிடம் கேட்டாள், அந்தச் சொல்லால்தான் அப்பா இறந்தார் என்று முதலில் உன்னிடம் சொன்னது யார்? நீ தரையைப் பார்த்துக்கொண்டு, “யாரும் சொல்லலை. நானா நெனச்சுக்கிட்டேன்” என்றாய். அப்போதுதான் தெரிந்தது, உனக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று. என்னைக் காப்பாற்றுவதற்காக நீ பொய் சொன்னாய். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்ததைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். நீங்கள் ‘வர்றேன்’ என்று பதில் சொல்லச் சொல்ல, உங்கள் மகனுடைய பயத்துக்குச் சோறு போடுகிறீர்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். இனிமேல் அவர் கேட்டால், ‘தெரியாது, பார்ப்போம்’ என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவள் வாயால் அப்படிச் சொல்வதா? முதல் நாள் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கு நெற்றியெல்லாம் வேர்வை. நான் “பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாருக்கும் கேட்காமல், வர்றேன் வர்றேன் வர்றேன் என்று முணுமுணுத்துக்கொண்டேன். மேலே இருந்து நீ எட்டிப் பார்த்து, “அம்மா! வாய் அசையுது! பார்த்துட்டேன்!” என்று கத்தினாய். எத்தனையோ வருஷம் கழித்து இரண்டு பேரும் அந்தப் படிக்கட்டில் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்த நோய் உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் கொஞ்சம் இருக்கிறது என்று அன்றைக்கு விளங்கியது.

‘போங்க’ என்று சொல்வதற்கு உனக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஃபெர்ரி துறையில் வைத்துச் சொன்னாய். நிபோங் திபாலில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க நான் கிளம்பினேன், அதை டாக்டர் உனக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ‘போ’ என்றாய், அதோடு நின்றுவிட்டது. கப்பல் வந்துவிட்டது, ஆட்கள் நம்மை இடித்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, “போங்கம்மா” என்றாய். சத்தமாகத்தான் சொன்னாய், முன்னால் போன ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான். நான் போனேன். அக்கரை வந்து சேரும் வரைக்கும் இருக்கையின் கம்பியை விடவில்லை, அதை உன்னிடம் சொல்லவில்லை. மூன்று தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து வந்தால், நீ சோஃபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருக்கிறாய்! வெளியே போன நான் திரும்பி வராமல் நீ தூங்கியதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. எழுப்பவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன், நீயும் நம்ப மாட்டாய். நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் மெர்சிக்கு ஒரே நாளில் பதினொரு தடவை போன் செய்தாய். கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் அவள் நேராக வீட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் உன் எதிரில் உட்கார்ந்தாள். “நான் திரும்பி வருவேன்னு யாரு கேரண்டி குடுக்க முடியும்? என்னால முடியாது. உங்களாலயும் முடியாது. ஆனா சாயங்காலம் வந்தா எனக்குப் பசிக்கும், அது மட்டும் நிச்சயம் லா” என்றாள். நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது என்று எனக்குக் கை பரபரத்தது. ஆனால் நீ சிரித்தாய். ஏழு மாதம் டாக்டர் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பெண் யாரிடமும் படிக்காமலே சொல்லிவிட்டாள். ஆகவே என்னிடமிருந்து ஒரே ஒரு புத்திமதி. அவளுக்கு ‘வர்றேன்’ சொல்லக் கற்றுக்கொடுக்காதே. நீ கெஞ்சுவாய், சில நாள் அழக்கூடச் செய்வாய். அவள் மனசு இளகி ஒரு நாள் சொல்லிவிட்டாலும், மறுநாள் மறுபடி கேட்காதே. நான் பதினாறு வருஷம் சொன்னேன். ஒரு நாள்கூட அது உனக்குப் போதவில்லை.

கடைசியாக ஒன்று. அந்தக் காலையில் நீ தலையணைக்குள் இருந்ததால் உனக்குக் கேட்டிருக்காது. அப்பா படியிறங்கும்போது உன்னைச் சீண்டுவதற்காக, “சரிடா, போறேன்டா! போறேன், போறேன்!” என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனார். நான் கரண்டியோடு வாசலில் நின்று, “வாயைக் கழுவுங்க!” என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் போனார், தம்பி. அன்று சாயங்காலம் எனக்கு வந்த கோபம் அவர் மேல். அந்தச் சொல்லைச் சொன்னது அவரும்தான். செத்துக் கிடக்கிறவரை எப்படித் திட்டுவது? நீ மடியில் இருந்தாய். உன்னைத் திட்டினேன். ஒரு சொல்லுக்கு லாரியை வரவழைக்கிற சக்தியும் கிடையாது, நிறுத்துகிற சக்தியும் கிடையாது. காலமெல்லாம் சொல்லோடு பிழைப்பு நடத்தியவள் சொல்கிறேன். ஆனால் இதை ஒரு தடவைதான் எழுதுவேன். “நெசமாவாம்மா?” என்று கேட்டுக்கொண்டு வராதே. வந்தால் என்ன பதில் கிடைக்கும் என்று உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் படியில் இறங்கும்போது, சொந்தக்காரர்கள் எல்லாரும் ‘போயிட்டு வா’ ‘போயிட்டு வா’ என்று கூட்டமாகச் சொல்வார்கள். சொல்லட்டும், அது வழக்கம். நான் மட்டும் சொல்ல மாட்டேன். இரண்டாம் மாடித் திருப்பம் வந்ததும் நின்று மேலே பார். என் வாய் அசைகிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொள். நீ வருவாயா, எப்போது வருவாய், அதெல்லாம் எனக்குத் தெரியாது, பார்ப்போம். சாயங்காலம் எனக்கும் பசிக்கும், அது மட்டும் நிச்சயம்.

போடா தம்பி. போ.

அம்மா